ஸ்ரீ நடனகோபால நாயகி சுவாமிகள்

மதுரை மாநகரில் நெசவுத் தொழிலாற் பிழைத்த குடியொன்றிற் பிறந்து, இளமையிலே இல்லத்தைத் துறந்து, யோகியாய் முதிர்ந்து, முடிவில் திருமாலை நாயகனாகவும் தம்மை அவனுக்குரிய நாயகியாகவும் கொண்டு வாழ்ந்தவர் ஸ்ரீ நடனகோபால நாயகி சுவாமிகள். சௌராட்டிர சமூகத்தார் அவரைத் தம் ஆழ்வார் என்றே போற்றுவர். வைகைக் கரையில் மட்டுமன்று, கமண்டல நாகநதிக் கரையிலே பட்டு நெய்யும் நம் ஆரணி மக்களுள்ளும் அவர் கீர்த்தனங்களைக் கேட்டு வளர்ந்தோர் பலர் உளர்.

ஆயினும், சுவாமிகளின் திருவுருவப் படத்தை நோக்கி, இவர் ஆணோ பெண்ணோ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவுங்கால், பெரியோரிற் பலர் தக்க விடை கூறமாட்டாது சிரித்துக்கொண்டு அப்பாற் செல்வதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். பிள்ளைகள் வினவுதல் பிழையன்று. விடையின்றி விடுதலே பிழை. ஒரு பெரியவரைப் பூசித்துக்கொண்டே அவர் வாழ்வின் நடுப்பொருளைக் கூச்சத்தால் மறைப்போமாயின், நாம் பூசிப்பது அவரையன்று என்றே கொள்ளல் வேண்டும். ஆகலின், சுவாமிகளின் சரித்திரத்தைச் சுருங்கக் கூறி, அவர் மேற்கொண்ட நாயகி நிலையின் உண்மையை நம் அன்பர்கள் உணருமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

சுவாமிகள் 1843ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மதுரையில் அவதரித்தார். தந்தையார் ரங்கய்யர், தாயார் லக்ஷ்மிபாய். பெற்றோர் இட்ட பெயர் இராமபத்ரன் என்பது. அக்காலத்து மதுரை பழைய உருவை நீத்துப் புதிய உருவைக் கொள்ளத் தொடங்கியிருந்தது. கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் என்பார் நாயக்க மன்னர் காலத்துக் கோட்டை மதிலை இடிப்பித்து, அகழியைத் தூர்ப்பித்து, நகரம் புறத்தே விரிவதற்கு வழி செய்தது அக்காலத்தேதான். கூர்ச்சர தேசத்துச் சௌராட்டிரப் பகுதியினின்று புறப்பட்டு, தேவகிரியிலும் விஜயநகரத்திலும் தங்கி, நாயக்க மன்னர் ஆதரவில் மதுரையிற் குடியேறிய நம் முன்னோர், அந்நகரத்து வீதிகளிலே நூலுக்குச் சாயந் தோய்த்தும், சுங்குடி முடிந்தும், தறி நெய்தும் வாழ்ந்துவந்தனர். வீட்டிற் பேசுவது சௌராட்டிர மொழி. வெளியிற் பேசுவது தமிழ். இவ்விரண்டும் ஒருங்கே பயின்ற சூழலில் இராமபத்ரன் வளர்ந்தான்.

நெசவுக் குடியிற் பிறந்த பிள்ளையின் இளமை எத்தகையது என்பதை நம் அன்பர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இராட்டையில் தார் சுற்றும் அளவிற்குக் கை வளர்ந்தவுடனே பிள்ளை தொழிலுக்கு உரியவனாகின்றான். சிறிது வளர்ந்தபின் தறிக்குழியில் இறங்கிக் கால் மிதிக்கின்றான். தந்தையின் கைக்கு மகன் கை துணையானாலன்றி நெசவுக் குடும்பத்தில் அடுப்பு ஒழுங்காக எரிவதில்லை. அத்தகைய வீட்டிற் பிறந்த இராமபத்ரனுக்கோ பள்ளியிலும் மனம் பற்றவில்லை. தறியிலும் மனம் பற்றவில்லை. எங்கே இருத்தினும் கண் மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிடும் இயல்பு அவனுக்குச் சிறு வயதிலேயே வாய்த்திருந்தது என்று அவர் சரிதங் கூறுவோர் உரைப்பர்.

பிற்காலத்தில் ஞானி எனப் போற்றப்பெற்ற ஒருவர்பால் அமைந்திருந்த இவ்வியல்பை இன்று நாம் வியந்து பேசுகின்றோம். அன்று அவர் பெற்றோர்க்கு அது வியப்பாயிராது, துயரமாகவே இருந்திருக்கும். மகன் ஞானியாவான் என்பதை முன்னுணர்ந்து மகிழும் தாய்தந்தையர் புராணங்களில் உளர். தறி நம்பிய வீடுகளில் அரியர். வீட்டின் வழக்கத்தினின்று வேறுபட்ட பிள்ளையொன்று பிறக்குமாயின் அதனைக் கண்டு அஞ்சுதலே உலக இயற்கை. இதனை நம் அன்பர்கள் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதனை மீண்டும் எடுத்துரைக்க நேரும்.

பரங்குன்றமும் பரமக்குடியும்

இளம் பருவத்திலேயே இராமபத்ரர் வீட்டைவிட்டு வெளியேறினார். மதுரைக்குத் தென்மேற்கே முருகப்பெருமான் தெய்வயானையை மணந்த திருத்தலமாகிய திருப்பரங்குன்றத்தை அடைந்து, அம்மலையிற் பன்னிரண்டு ஆண்டுகள் தவமியற்றினார் என்பது வழிவழி வருஞ் செய்தி. தவம் முதிர முதிரத் தக்க குருவை நாடும் வேட்கையும் முதிர்ந்தது. ஆங்கிருந்து கிழக்கே நடந்து பரமக்குடியை அடைந்தார். பரமக்குடியும் நம்மவர் பலர் தறி நாட்டி வாழும் ஊரேயாம். அவ்வூரில் விளங்கிய நாகலிங்க அடிகளார் என்னும் யோகியாரை அடுத்து அட்டாங்க யோகத்தைக் கற்றார்.

இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புக்களையுடையது அந்நெறி. ஒருவர் தம் வாணாள் முழுதும் முயன்றும் முற்றுப்பெறாத அதனை இராமபத்ரர் பதினெட்டே நாளிற் கைவரப்பெற்றார் என்பர். குருநாதர் மகிழ்ந்து அவர்க்குச் சதானந்தர் என்னும் பெயரைச் சூட்டினார். சதானந்த சித்தர் என்று மக்கள் அவரை அழைக்கலாயினர்.

யோகநெறி என்பது வெல்லும் நெறி. புலன்களை வெல்லுதல், மூச்சை வெல்லுதல், மனத்தை வெல்லுதல், ஈற்றில் இயற்கையின் ஆற்றல்களையும் வென்று எண்வகைச் சித்திகளைப் பெறுதல் என்று அது மேன்மேலும் வெற்றியாகவே நடப்பது. போர்க்களத்து வீரனுக்கு எத்தகைய ஆண்மை வேண்டுமோ அத்தகைய ஆண்மை யோகிக்கும் வேண்டும். சதானந்தர் அவ்வெற்றியின் முடியில் நின்றவர். நின்றும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. வென்றதெல்லாம் தம்முடையதாயிற்று, தாம் யாருடையவர் என்னும் வினாவோ எஞ்சி நின்றது. அவ்வினாவே அவரைத் தென்றிசைக்கு நடத்திச் சென்றது எனலாம்.

ஆழ்வார்திருநகரியில்

பொருநையாற்றின் கரையில், நம்மாழ்வார் தோன்றியருளியதும், அவர் வீற்றிருந்த புளியமரத்தை இன்றளவும் உடையதுமாகிய திருத்தலம் ஆழ்வார்திருநகரி. சதானந்தர் பல தலங்களையும் வணங்கிக்கொண்டு அவ்வூரை அடைந்தார். ஆங்கு வடபத்ராரியர் என்னும் வைணவப் பெரியாரைக் கண்டு அவர் திருவடியைப் பற்றினார். சித்தராய் வந்தவர் சீடராய் அமர்ந்தார். ஆழ்வார்களின் அருளிச்செயலும் அதன் உட்பொருளும் அவர்க்கு உரைக்கப்பெற்றன. நடனகோபாலர் என்னும் புதிய திருநாமமும் அருளப்பெற்றது.

இராமபத்ரன் என்பது பெற்றோர் இட்ட பெயர். சதானந்தர் என்பது யோகம் தந்த பெயர். நடனகோபாலர் என்பது சரணாகதி தந்த பெயர். இம்மூன்றன்பின் நாலாவதாக வந்து, ஏனைய மூன்றையும் மூடிக்கொண்டு நிற்கும் பெயரே நாயகி என்பது. இதனை யாரும் அவர்க்குச் சூட்டினாரல்லர். அவர் வாழ்வே அதனைச் சூட்டியது. ஆழ்வார்திருநகரியிற் பெற்ற ஞானத்தின்பின், நாராயணன் ஒருவனே நாயகன், தாம் அவனைப் பிரிந்து வருந்தும் நாயகி என்னும் உணர்வு அவர்பால் உறைத்து நின்றது. பெண்கோலம் பூண்டு பாடினார், ஆடினார், பிரிவாற்றாது அழுதார்.

நாயகி நிலையின் நுட்பம்

அற்றேல், ஆடவர் ஒருவர் இவ்வாறு ஒழுகியது தகுமோ என ஐயுறுவார் உளராயின், அவர்க்கு முதற்கண் நம்மாழ்வாரையே காட்டுவோம். திருவாய்மொழி நூறு திருப்பதிகங்களை உடையது. அவற்றுள் இருபத்தேழு பதிகங்களில் ஆழ்வார் ஆண்மகனாய் நின்று பாடினாரல்லர். பதினேழு பதிகங்கள் தலைமகள் கூற்று. ஏழு பதிகங்கள் அவளைப் பெற்ற தாயின் கூற்று. மூன்று பதிகங்கள் தோழியின் கூற்று. நான்கிலொரு கூற்றுக்கு மேற்பட்ட பகுதியைப் பெண்ணின் வாய்மொழியாகவே அருளினமையால், அந்நிலையில் நின்ற ஆழ்வாரைப் பராங்குச நாயகி என்று பெரியோர் வழங்கினர். திருமங்கையாழ்வாரும் அவ்வாறே பரகால நாயகி எனப்பட்டார். வேலும் வாளும் ஏந்திய வீரர் அவர். வழிப்பறி செய்தும் அடியார்க்கு அமுதிட்டவர். அத்தகைய வன்மையுடையாரே எம்பெருமான் முன் மங்கையாய் மெலிந்தார் என்றால், நாயகி நிலை மென்மனத்தாரின் மயக்கமன்று என்பது பெறப்படும்.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இயற்றிய ஆசாரிய ஹிருதயம் என்னும் நூல் இதன் காரணத்தை நுட்பமாக ஆராய்கின்றது. ஆழ்வார் ஞானத்தில் ஊன்றி நிற்கும்போது தம் குரலாற் பேசுகின்றார். அந்த ஞானம் காதலாய் முற்றியவழி அவர் குரல் பெண்குரலாகின்றது என்பது அந்நூலின் கருத்து. இதனால் பெண்மை என்பது ஆண்மையினுங் குறைந்த நிலையன்று, ஞானம் கனிந்த மேல்நிலையே என்பது விளங்கும்.

பிள்ளை லோகாசாரியர் உயிர்க்கும் இறைவனுக்குமுள்ள உறவுகளை ஒன்பதாக வகுத்துக் காட்டினார். தந்தை மகன் உறவும், காப்பான் காக்கப்படுபவன் உறவும், உடையவன் உடைமை உறவும் அவற்றுட் சில. கணவன் மனைவி உறவும் அவ்வொன்பதனுள் ஒன்று. இவ்வுறவு பெண்ணாய்ப் பிறந்த உயிர்க்கு மட்டும் உரியதெனக் கூறப்படவில்லை. எல்லா உயிர்க்கும் உரியதாகவே கூறப்பட்டது. இறைவன் ஒருவனே புருடன். ஏனைய உயிரெல்லாம், மீசை முளைத்த உடம்பிலிருப்பினும், அவனை நோக்கப் பெண்ணே என்பது இதன் முடிபு.

தண்டகாரணியத்து முனிவர் சரிதையையும் ஈண்டு நினைத்தல் தகும். காட்டிற்கு எழுந்தருளிய இராமபிரானின் பேரழகைக் கண்ட முனிவர்கள், தாம் பெண்களாய்ப் பிறந்திலமே என ஏங்கினர் என்றும், அடுத்த அவதாரத்தில் அவர்களே ஆய்ச்சியராய்ப் பிறந்து கண்ணபிரானை அடைந்தனர் என்றும் பெரியோர் கூறுவர். தவத்தால் நரைத்த முனிவர்க்கும் அவ்வேட்கை இழுக்காகவில்லை.

ஆண்டாள் பெண்ணாகவே அவதரித்தாள். அவளுக்குக் காதல் மேட்டிலிருந்து பள்ளத்திற் பாயும் நீர்போல இயல்பாய் வந்தது. ஆடவராய்ப் பிறந்தார்க்கோ அந்நீரைப் பள்ளத்தினின்று மேட்டிற்கு ஏற்றுதல் போன்ற அருமை உளது. இடையில் நிற்கும் மேடு யாதெனின், நான் ஆண் என்னும் செருக்கே என்க. சுவாமிகள் பெண்கோலம் பூண்டது அச்செருக்கை வேரொடு களைதற்பொருட்டேயாம்.

அவதாரத்திற் பெண்மை

இனி, உயிர்கள் பெண்ணாதல் ஒருபுறமிருக்க, இறைவனும் பெண்ணாயினான் என்பது நம் சமயத்தின் தனிச்சிறப்பு. தேவரும் அசுரரும் மந்தரமலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கிப் பாற்கடல் கடைந்த வரலாற்றை அறியாதார் இலர். அவ்வொரு நிகழ்ச்சியிலேயே திருமால் ஆமையாகி மலையைத் தாங்கினான். தன்வந்திரியாகி அமுதகலசத்தை ஏந்தி எழுந்தான். அலைகளினின்று தோன்றிய திருமகளைத் தன் மார்பில் ஏற்றான். முடிவில் மோகினியாகி அமுதைப் பங்கிட்டான். தாங்கியது ஒரு விலங்கு; கொணர்ந்தது ஓர் ஆண்; பகிர்ந்து ஊட்டியது ஒரு பெண். அமுதம் கைக்கு வந்தபின்னும் அதனை உரியார்க்கு ஊட்டப் பெண்வடிவமே வேண்டியிருந்தது. ஊட்டுதல் தாய்மையின் தொழிலன்றோ!

ஏனைய அவதாரங்களிலும் எம்பெருமான் தனித்து வந்தானல்லன். அவன் தேவனாங்கால் அவள் தேவியாகின்றாள், அவன் மானிடனாங்கால் அவள் மானிடப் பெண்ணாகின்றாள் என்பது விஷ்ணுபுராணத்திற் பராசரர் உணர்த்தும் பொருள். இராமனுக்குச் சீதை, கண்ணனுக்கு உருக்குமிணி, வராகனுக்குப் பூமிப்பிராட்டி. மணமாகாத பிரமசாரியாய் வந்த வாமனனும் திருமகளைப் பிரிந்தானில்லை. மாவலியின்மீது அவள் அருட்கண் படுமாயின் அவன் செல்வத்தைக் கவர்தல் இயலாதாகலின், மான்தோலால் மார்பை மறைத்துக்கொண்டு சென்றான் என்று உரையாசிரியர் சுவைபடக் கூறுவர்.

மோகினியின் நினைவு கோயில்தோறும் விழாவாய் நிற்கின்றது. திருமலையிற் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாட் காலையில் மலையப்பசுவாமி மோகினியாய் எழுந்தருளுகின்றார். திருவரங்கத்திற் பகற்பத்தின் இறுதி நாளில், அஃதாவது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாளில், நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலம் கொள்கின்றார். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் அரவான் களப்பலி ஆடும்போது, பலியாகப் போகும் அரவானை மணக்கக் கண்ணன் பெண்ணாகி வருகின்றான். அவ்வரவானையே தெய்வமாகக் கொண்ட கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் பல்லாயிரவர் கூடித் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுகின்றனர்.

சைவ நெறியிலும் இவ்வுண்மை வேறோர் உருவில் விளங்குகின்றது. நம் மாவட்டத்தின் தலைநகராகிய திருவண்ணாமலையில் உமையம்மை தவமிருந்து இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது தலவரலாறு. கார்த்திகைத் தீப நாளன்று மாலையில், மலைமீது தீபம் ஏற்றும் அச்சிறு பொழுதிற்கே அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டு வெளிவந்து காட்சி தந்து உட்செல்கின்றார். சைவத்தில் ஒரே மேனியில் இரு பாகமாய்க் காணப்படும் பொருளே வைணவத்தில் மார்பில் உறையும் திருவாயும், மோகினியாயும் காணப்படுகின்றது. நெய்வோர்க்கு இதனை விளக்க நெடிய நூல்கள் வேண்டா. பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. இரண்டும் கூடியவழி இது பாவு, இது ஊடை என்று பிரிக்கப் புகுவோன் துணியை இழப்பான்.

பாடித் திரிந்த காலம்

மதுரைக்கு மீண்ட சுவாமிகள் அடியார் குழாத்தோடு வீதிகளிற் பாடிச் சென்றார். தமிழிலும் சௌராட்டிர மொழியிலும் கீர்த்தனங்கள் பல இயற்றினார். அக்காலத்துச் சௌராட்டிர மொழி வீட்டினுள்ளும் தறிமேடையிலும் வழங்கும் மொழியாகவே பெரும்பாலும் இருந்தது. படித்தோர் தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் நாடினர். தாய்மார்கள் தம் குழந்தைகளோடு பேசும் மொழியில் வேதாந்தம் அடங்கும் என்று நினைந்தார் சிலரே. சுவாமிகள் அம்மொழியிலேயே பரமபதத்தைப் பாடினார். எழுத்தறியாத பாட்டியரும் இராட்டை சுற்றிக்கொண்டே அப்பாடல்களைப் பாடக் கற்றனர். நாயகியின் மனநிலையைப் பாடுதற்கு அடுக்களை மொழியே ஏற்ற மொழியாயிற்று.

நம் சமூகத்தார் கல்வியிலும் கூட்டுறவிலும் முயன்று எழுந்த காலமும் அதுவே. மதுரையிற் சௌராட்டிரப் பள்ளி 1886ஆம் ஆண்டிலும், சௌராட்டிர சபை 1895ஆம் ஆண்டிலும் தோன்றின. சபையோர் சமூகத்தின் மதிப்பை உயர்த்த முனைந்திருந்த அந்நாளில், வீதியிற் பெண்கோலத்தோடு ஆடிச்செல்லும் ஒரு துறவியை எல்லாரும் ஒருபடித்தாய் ஏற்றிருப்பர் என்று கருதுவதற்கில்லை. சமூகத்தின் மதிப்பென்பது பெரும்பாலும் அயலார் நகையாடுவரோ என்னும் அச்சமாகவே இருக்கும். சுவாமிகள் அவ்வச்சத்தைக் கடந்தவர். கூத்தாடுவோனும் திரௌபதியாய்ப் பெண்வேடம் பூணுகின்றான். பொழுது புலர்ந்ததும் வேடத்தைக் களைந்து மீண்டும் ஆணாகின்றான். சுவாமிகளுக்குக் களையும் பொழுது புலரவேயில்லை. ஆகலின் அது வேடமன்று, நிலை.

இந்நிலையில் அவர் தனித்து நின்றாரல்லர். வங்க தேசத்தில் 1486ஆம் ஆண்டு தோன்றி 1534இல் மறைந்த சைதன்னியரை, இராதையும் கண்ணனும் ஒரே மேனியில் கலந்து வந்த அவதாரம் என்றே அவர் வழியினர் போற்றுகின்றனர். அவர் தென்னாட்டு யாத்திரையில் திருவரங்கத்தில் மழைக்காலத்து நான்கு மாதம் தங்கிச் சென்றார். சுவாமிகளுக்கு ஏழாண்டு முன்னர், 1836இல் பிறந்த இராமகிருட்டிண பரமஹம்சர் இராதையின் மனநிலையை அடையும்பொருட்டுப் பெண்ணுடை உடுத்துச் சாதனை செய்தார். தம் மனைவியாராகிய சாரதா தேவியாரைத் தேவியின் வடிவாகவே அமர்த்திப் பூசித்தார். தட்சிணேசுவரத்தில் ஒருவரும் மதுரையில் ஒருவருமாக, ஒருவரை ஒருவர் காணாமலே, ஒரே நூற்றாண்டில் இருவர் ஒரே துறையில் இறங்கினர்.

வைகுண்ட ஏகாதசி

சுவாமிகள் தாம் அடங்கவேண்டிய இடத்தைத் தாமே தேர்ந்தார் என்பர். மதுரைக்கு வடக்கே அழகர்கோயில் செல்லும் வழியிலுள்ள காதக்கிணறு என்னும் ஊர் அது. கள்ளழகர் ஆண்டுதோறும் மலையினின்று இறங்கி வைகைக்கு எழுந்தருளும் திசை அதுவாகலின், நாயகனை எதிர்நோக்கி நாயகி காத்திருக்கத் தக்க இடம் என்று நாம் கருதலாம்.

1914ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வைகுண்ட ஏகாதசி. அன்று சுவாமிகள் தம் எழுபத்தோராம் ஆண்டளவில் திருநாடு அலங்கரித்தார். அதற்கு முந்தின நாளில் திருவரங்கத்தில் நம்பெருமாள் நாச்சியார் கோலம் கொள்வது வழக்கமென முன்னர்க் கூறினோம். நாயகன் நாயகியாய்த் தோன்றிய மறுநாளில், பரமபத வாயில் திறக்கும் வேளையில், நாயகியாய் வாழ்ந்தவர் நாயகனை அடைந்தார். இத்தகைய பொருத்தம் எண்ணுந்தொறும் இன்பம் பயப்பதாகும். காதக்கிணற்றில் அவர் பிருந்தாவனம் உளது. வைகுண்ட ஏகாதசிதோறும் அன்பர்கள் ஆங்குச் சென்று அவர் பாடல்களை ஓதி வழிபடுகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

சரிதம் கேட்டபின் கைகூப்பி எழுந்து போதல் எளிது. சுவாமிகளின் வாழ்வு நம்மிடம் அதனினும் மிகுதியாக எதிர்பார்க்கின்றது.

முதலாவது, நம் வீட்டு மகளிரைப் பற்றியது. தறியில் அமர்ந்து நாடா ஓட்டுவோன் பெயரே கூலிப் புத்தகத்தில் ஏறுகின்றது. நூலைப் பிரித்தவள், தார் சுற்றியவள், பாவு நீட்ட மறுமுனையைப் பற்றி வெயிலில் நின்றவள், கோர்வைச் சேலைக்குக் கரைநாடா வீசித் துணைநின்றவள் பெயர் எங்கும் ஏறுவதில்லை. ஒரு சேலையில் இவர்கள் உழைப்பு எத்துணை என்பதை எல்லாரும் அறிவர். அறிந்தும் இது ஆணின் தொழில் என்றே சொல்லிவருகின்றனர். உயிரெல்லாம் பெண்ணே என்னும் கொள்கையை மேடையிற் பேசி, வீட்டிற் பெண்ணின் சொல்லுக்கு இடந்தராதவன் சுவாமிகளின் அடியான் ஆகான். ஒரு பெரியவர் நாயகி என்னும் பெயரை விரும்பி ஏற்றார் என்றால், அப்பெயர் இழிந்ததாயின் ஏற்றிருப்பாரோ என்று நம் ஆடவர் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, நம் பிள்ளைகளைப் பற்றியது. சிற்சில வீடுகளில் ஆணாய்ப் பிறந்த பிள்ளை நடையிலும் பேச்சிலும் பெண்ணியல்பு உடையதாய் வளர்கின்றது. அதனை அடித்தும், பழித்தும், ஈற்றில் வீட்டைவிட்டு விரட்டியும் தம் மானத்தைக் காத்துக்கொண்டதாய் நினைப்போர் எல்லாச் சமூகத்திலும் உளர். நம் சமூகத்தில் இலர் என்று நாம் சொல்லத் துணியோம். சுவாமிகளின் நிலை பத்தியால் விளைந்தது. இப்பிள்ளைகளின் நிலை பிறப்பியல்பால் அமைந்தது. இரண்டும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆயினும், பெண்கோலங் கொண்ட பெரியவரின் படத்திற்கு மாலை சூட்டிய கை, அக்கோலத்தை நாடும் பிள்ளையை அடிக்க எழுமாயின், அம்மாலை பொய்ம்மாலையே. தமிழ்நாட்டரசு 2008ஆம் ஆண்டிலே திருநங்கையர்க்கென நல வாரியம் அமைத்தது. உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டிலே அவர்தம் உரிமையை உறுதி செய்தது. அரசும் நீதிமன்றமும் கதவைத் திறந்தபின், பெற்ற வீடு மட்டும் தாழிட்டிருத்தல் அழகன்று. பள்ளிக்கும் தறிக்கும் பொருந்தாத பிள்ளையென்று ஒருகால் இராமபத்ரனைப் பற்றியும் பெற்றோர் கவன்றிருப்பர். எப்பிள்ளையின் வேறுபாட்டில் எது மறைந்திருக்கிறது என்று நம்மில் அறிவார் யார்?

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை நம் பிள்ளைகள் படத்தைக் காட்டி, இவர் ஆணோ பெண்ணோ என்று வினவுங்கால், சிரித்து அப்பாற் செல்லாதிருப்போமாக. ஆணாய்ப் பிறந்து, ஆண் என்னும் செருக்கைத் துறந்து, பெண்ணாய் நின்று பெருமானை அடைந்தவர் என்று தெளிவாக உரைப்போமாக. அவ்விடையை உரைக்கும் வாய்க்குப் பொருந்த நம் வீட்டு நடையும் அமையுமாறு திருமாமகள் கேள்வன் அருள் புரிவானாக.